பற்றிக்கொள்ளாத பான்கேக்

சாருக்கு மூக்கு அடைத்துக்கொண்ட அன்றைக்குத்தானா வாசனை சம்பந்தப்பட்ட கேஸ் வந்து சேரவேண்டும்? வந்தது. அதுவும் என் அக்கா வழியாக வந்தது.

சாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அவரை இன்ஸ்பெக்டர் என்பார்கள். புதிதாகக் கேட்பவர்கள் போலீஸ் என்று நினைத்துக்கொண்டு சட்டைப் பட்டனைச் சரிசெய்வார்கள். உண்மையில் அவர் வேலை பார்த்தது எடை அளவுத் துறையில். கடைகளில் தராசைப் பரிசோதித்து முத்திரை குத்துகிற இன்ஸ்பெக்டர். ஓய்வு பெற்றதும் துப்பறியும் அலுவலகம் திறந்தார். யாராவது தப்பாக நினைத்தால் திருத்தமாட்டார். கேட்டால், அது பொய் இல்லை, சிக்கனம் என்பார்.

நான் அவருடைய உதவியாளர். ஸ்கூட்டர் ஓட்டுவேன், போன் எடுப்பேன், அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசுவேன். கடைசி வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் என்பது என் கட்சி. அவர் என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார். நானும் அதற்கு ஏற்றபடி நடந்துகொள்கிறேன்.

அன்று பிற்பகல் சார் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் துண்டு, துண்டுக்குள்ளிருந்து இருமல். போன் அடித்தது. எடுத்தால் அக்கா. அழவில்லை. அவள் அழுதால் எனக்குப் பயமில்லை, அழாமல் பேசினால்தான் பயம். "என்னைக் குடிகாரின்னுட்டாங்கடி. சாயங்கால டீக்குள்ள பெட்டியைக் கட்டச் சொல்லிட்டாங்க. உங்க சாரைக் கூட்டிட்டு வா," என்றாள். நான் துண்டோடு சேர்த்து சாரை ஸ்கூட்டரில் ஏற்றினேன்.

அக்கா ஒரு பெரிய ஹோட்டலில் இனிப்புப் பகுதிக்குத் தலைமை. கேக், மூஸ் என்கிற நுரை இனிப்பு, சாக்லேட் எல்லாம் அவள் கை. இருமல் மருந்தை வாயில் விட்டாலே முகத்தை எட்டுக்கோணலாக்குகிறவள் அவள். அவளைப் போய்க் குடிகாரி என்றால் எனக்கு எப்படி இருக்கும்? வழியெல்லாம் ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன்.

நடந்தது இதுதான். ஹோட்டல் முதலாளியின் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் வந்து மாடியில் தங்கியிருந்தார்கள். மதிய விருந்தின் கடைசியில் அந்த ஹோட்டலுக்கே பெயர் வாங்கிக் கொடுத்த ஐட்டம். பேப்பர் போல மெல்லிய பான்கேக்குகளை மடித்து, வெண்ணெயும் சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் கொதிக்கும் வாணலியில் போடுவார்கள். அதை அடுப்பு வைத்த தள்ளுவண்டியில் விருந்தாளிகளின் மேஜைக்கே கொண்டுவந்து, மேலே ஆரஞ்சு லிக்கரை ஊற்றித் தீக்குச்சி காட்டுவார்கள். ஆரஞ்சு லிக்கர் என்றால், கசப்பு ஆரஞ்சின் காய்ந்த தோலைச் சாராயத்தில் ஊறப்போட்டு வடித்துச் சர்க்கரை சேர்த்த இனிப்பு மது. தீ காட்டினால் குப்பென்று நீலமாக எரியும். எரிந்து அடங்கும்போது சாராயத்தின் காரம் போய், ஆரஞ்சு மணம் மட்டும் பான்கேக்கில் இறங்கியிருக்கும். விருந்தாளிகள் கைதட்டுவார்கள்.

இன்றைக்குப் பற்றவில்லை. ஹெட் வெயிட்டர் குச்சி மேல் குச்சியாகக் கிழித்துக் காட்டியும் வாணலி அசையவில்லை. மாப்பிள்ளையின் அத்தை, யாருக்குப் பிறந்தநாள் என்று சொன்னால் பாட்டாவது பாடலாமே என்று கேட்டிருக்கிறார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. நேரே சமையலறைக்குள் போயிருக்கிறார். அக்காவின் அலமாரியில் லிக்கர் பாட்டில் கிட்டத்தட்டக் காலி. அக்காவின் கையில், ஏப்ரனில், வாயில் எல்லாம் ஆரஞ்சுச் சாராய வாசனை. அவளைக் கூப்பிட்டு டைனிங் ஹால் நடுவில், சம்பந்தி வீட்டார் முன்னால் நிறுத்தி, நீ குடித்துவிட்டுப் பாட்டிலில் சர்பத்தை ஊற்றி வைத்திருக்கிறாய் என்று சத்தம் போட்டிருக்கிறார்.

"வேலை போனா வேற வேலை தேடிக்கலாம் சார்," என்றாள் அக்கா. "குடிச்சதுக்காக அனுப்பினாங்கன்னு பேர் வந்துட்டா எந்தச் சமையலறையிலயும் என்னை உள்ள விடமாட்டாங்க. மாமியார் காதுக்கும் போயிடும். அப்புறம் அந்த வீட்டுல நான் தலைவலி மாத்திரை போட்டாக்கூட முகர்ந்து பாப்பாங்க."

சார் பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மேல் இல்லை. தேன் நிறம். மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக மூச்சிழுத்தார். பாவம், சுவரை முகர்ந்தாலும் அவருக்கு அன்று ஒன்றுதான்.

"வாயாடி, இன்னைக்கு உன் மூக்கைக் கடன் குடு."

"அடுத்தவங்க விஷயத்துல நுழைச்சு நுழைச்சு அது ரெடியாத்தான் சார் இருக்கு," என்று சொல்லிவிட்டு முகர்ந்தேன். ஆரஞ்சை உரிக்கும்போது தோலிலிருந்து கண்ணில் தெறிக்குமே, அந்த வாசனை. அதற்குப் பின்னாலேயே ஒரு சூடு. ஒரு துளி நாக்கில் வைத்தேன். இனிப்பு, கசப்பு, பிறகு காது வரைக்கும் போகிற காரம். இது சர்பத் இல்லை என்று நான் கோயிலில் கூட... கோர்ட்டில் கூடச் சொல்வேன் என்றேன். சார் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒரு துளியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

அப்புறம் அவர் அக்காவிடம் ஒரு ஸ்பூன் லிக்கரைப் பற்றவைத்துக் காட்டச் சொன்னார். அவள் ஸ்பூனை அடுப்புத் தணலுக்கு மேல் லேசாக ஆட்டினாள். நேரே தீ வைத்தால் சட்டென்று பிடிக்காதாம். இளஞ்சூடு காட்டினால்தான் சாராய ஆவி கிளம்பும், அந்த ஆவிதான் எரியுமாம். குச்சியைக் கொண்டுபோனாள். நீல நாக்கு ஒன்று ஸ்பூனிலிருந்து எழும்பி நின்றது.

"அப்ப பாட்டில்ல இருக்கிறது அசல் சரக்கு," என்றார் சார். "இங்க எரியுது, அங்க எரியல. நடுவுல என்னமோ ஆயிருக்கு."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதை முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றேன். சார் அசையவில்லை. எரிகிறது என்று நிரூபித்தால் சர்பத் குற்றச்சாட்டுதான் போகும், குடித்த குற்றச்சாட்டு அப்படியே இருக்கும் என்றார். பாட்டில் இந்த வாரம்தான் திறந்தது. மீதி எங்கே?

அக்கா கணக்கு ஒப்பித்தாள். சாக்லேட் மூஸில் ஒரு மூடி, கேக் அடுக்குகளில் பிரஷ்ஷால் தடவக் கொஞ்சம், க்ரீமில் சில துளிகள். அதிகம் ஊற்றினால் க்ரீம் திரிந்துபோகும், ஐஸ்கிரீமில் அதிகம் ஊற்றினால் அது உறையவே உறையாது. தாராளமாக ஊற்றுகிற சமாச்சாரமே இல்லை இது. ஒரு பாட்டில் அவளுக்கு ஒரு மாதம் வரும். வாசனைக்கும் காரணம் சொன்னாள். ஒவ்வொரு கலவையையும் ருசி பார்த்துத் துப்பித்தானே ஆகவேண்டும்.

"அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் சார்.

அவளிடம்தான் இருக்கிறதாம். காலையில் மட்டும் ஹெட் வெயிட்டர் வாங்கிப்போய், பான்கேக்குக்கு வேண்டியதைத் தானே ஊற்றிக்கொண்டு திருப்பித் தந்துவிடுவார். அது அந்த ஹோட்டலின் வழக்கம். மேஜையில் தீ வைப்பவர்தான் தீக்கு வேண்டியதை அளக்கவேண்டும், சமையலறை கை வைக்கக்கூடாது. இதை முதலாளியிடம் சொன்னாயா என்று நான் கேட்டேன். சொன்னாளாம். அவர் சிரித்தாராம். ஹெட் வெயிட்டர் ஒழுக்கத்துக்கு மறுபெயராம், டீயையே ஆறவைத்துத்தான் குடிப்பாராம்.

எனக்கென்னவோ பார்மேன் மேல்தான் கண். ஒழுக்கமானவரை விட்டுவிட்டு, சரக்கோடு குடித்தனம் நடத்துகிறவரைப் பிடிப்பதுதானே நியாயம்? இருவரும் பாருக்குப் போனோம்.

பார் காலியாக இருந்தது. பார்மேன் கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நேரடியாகவே கேட்டேன், அக்காவின் பாட்டிலிலிருந்து எவ்வளவு எடுத்தீர்கள் என்று. மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை, பரிதாபப்பட்டார். தன் அலமாரியிலிருந்து வேறொரு ஆரஞ்சு லிக்கரை எடுத்து வைத்தார். தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

"பார்ல வெள்ளைதாம்மா. உங்க அக்காவோட பழுப்புச் சரக்கை இதுல ஊத்தினா டிரிங்க் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி தெரியும். எவன் காசு குடுப்பான்?"

அதோடு விட்டாரா, பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். எலுமிச்சையின் புளிப்பு முன்னால் போகும், சாராயத்தின் காரம் பின்னால் வரும், இரண்டையும் சண்டை போடாமல் உட்காரவைப்பது இதுதானாம். "இது மாப்பிள்ளை இல்லம்மா, மாப்பிள்ளைத் தோழன். யாரும் அவனைப் பாக்க வரமாட்டாங்க. அவன் இல்லேன்னா கல்யாணம் நடக்காது," என்றார். சொல்லிக்கொண்டே எலுமிச்சை பிழிந்து எதையோ குலுக்கி, விளிம்பில் உப்பு தடவிய டம்ளரில் எனக்கு ஊற்றினார். விசாரணைக்காக அதைக் குடித்தேன். விசாரணை நன்றாக இருந்தது.

சார் இதற்குள் அந்த வெள்ளை லிக்கர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வரவில்லை. கைக்குட்டை போட்டுத் திருகினார், அப்போதும் வரவில்லை. கழுத்தைச் சுற்றிச் சர்க்கரை பூத்து இறுகிப்போயிருந்தது. தராசு பார்த்த கை, அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, இதைத் திறந்து ரொம்ப நாளாகிறது, இவர் லிக்கர் பக்கமே போகவில்லை என்றது.

"அப்ப எனக்கு ஊத்தினது எதுல?" என்றேன்.

இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை என்பதால் லிக்கருக்குப் பதில் வெறும் ஆரஞ்சு ஜூஸ் போட்டாராம். பெரிய நிபுணர் மாதிரி தலையாட்டிக் குடித்த எனக்கு அசடு வழிந்தது. சார் இருமுவது போலச் சிரித்தார்.

கிளம்பும்போது பார்மேன் போகிறபோக்கில் ஒரு வம்பு சொன்னார். ஆரஞ்சு என்ற பேச்சையே சத்தமாகப் பேசாதீர்கள், மேனேஜருக்குக் கேட்டால் கொலை விழும் என்றார். அவருடைய அறையில் யாரோ தினம் காலையில் ஆரஞ்சுப் பழம் தின்கிறார்களாம். ஆளும் கிடைக்கவில்லை, தோலும் கிடைக்கவில்லை. ஊழியர்கள் யாரும் ஆரஞ்சு கொண்டுவரக்கூடாது என்று உத்தரவே போட்டுவிட்டாராம்.

சார் வாசலில் நின்றுவிட்டார். அடைத்த மூக்கு தானாகத் திறந்துகொண்டது போல ஒரு பார்வை பார்த்தார்.

மேனேஜர் அறை டைனிங் ஹாலுக்குப் பின்பக்கம், தீப்பெட்டி அளவு. மேனேஜர் ஒரு மேஜை டிராயரைக் கவிழ்த்துப்போட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். சார் இன்ஸ்பெக்டர் என்றதும் மனிதர் எழுந்து நின்று, கடைசியில் என் புகாரை எடுத்துக்கொண்டார்களே என்று கண்கலங்கினார். சார் வழக்கம்போல் திருத்தவில்லை.

நான் மூக்கை வேலைக்கு அனுப்பினேன். பழைய காகிதம், தலைக்குத் தேய்த்த எண்ணெய், அதற்கு அடியில் ஆமாம், ஆரஞ்சு. ஆனால் பழத்தின் பச்சை வாசனை இல்லை. வெந்த வாசனை. சர்க்கரையோடு காய்ந்த வாசனை. அக்காவின் ஸ்பூன் எரிந்து அடங்கியபோது வந்த அதே மணம். எனக்குத் தலைக்கேறிவிட்டது. இந்த ஆளே திருடிக் காய்ச்சிக் குடித்துவிட்டு நாடகம் ஆடுகிறார் என்று முடிவுகட்டி, முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டேன். மேனேஜர் அதிர்ந்துபோய் சட்டைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார். சர்க்கரை வியாதி. டீயிலேயே சர்க்கரை போடாதவர் பாகு மாதிரி இனிக்கும் லிக்கரைத் தொடுவாரா?  எனக்குக் கஷ்டமாகிவிட்டது, மன்னிப்புக் கேட்டேன்.

நான் மாட்டிக்கொண்டு விழித்த நேரத்தில் சார் ஒரு நாற்காலி மேல் ஏறியிருந்தார். சுவரில், அலமாரிக்கு மேலே, ஒரு காற்றுத் துவாரம். அதன் கம்பியில் விரலை வைத்துப் பார்த்தார். பிசுபிசுத்தது.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று மேனேஜரைக் கேட்டார்.

வெயிட்டர்களின் அறை. தட்டுகளைச் சூடாக வைத்திருக்கும் மின்தட்டு, தள்ளுவண்டி, மேஜைத் துணிகள் எல்லாம் அங்கேதான். காலையில் ஹெட் வெயிட்டரைத் தவிர யாரும் அங்கே நுழையமாட்டார்கள்.

அந்த அறையில் மின்தட்டின் மேல் கைப்பிடி வைத்த ஒரு சின்னப் பாத்திரம் இருந்தது. அடியில் கறுத்த பாகு. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஆரஞ்சு இருந்தது, கசப்பு இருந்தது, இனிப்பு பல்லைக் கூசவைத்தது. காதுக்குப் போன காரம் மட்டும் இல்லை. சாரிடம் அப்படியே சொன்னேன். அவர் பாத்திரத்துக்கு மேலே சுவரையும் காற்றுத் துவாரத்தையும் பார்த்தார், பிறகு மூக்கைச் சிந்தினார். சந்தோஷமாக இருந்தால்தான் அவ்வளவு சத்தமாகச் சிந்துவார்.

அப்போது ஹெட் வெயிட்டர் உள்ளே வந்தார். வயதானவர். வெள்ளைக் கையுறை, மடிப்புக் கலையாத கோட்டு, வளைந்த கறுப்புப் புருவம். முதலாளியே அவர் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசுவார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். எங்களை என்ன வேண்டும் என்று கேட்ட தோரணையில் எனக்கே டிப்ஸ் கொடுக்கத் தோன்றியது.

சார் மேஜையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, அலமாரிக்கடியில் இருட்டாக இருக்கிறதே என்று முனகிக்கொண்டு ஒரு குச்சியைக் கிழித்தார்.

அவ்வளவுதான். ஹெட் வெயிட்டர் ஒரே தாவலில் கதவோடு ஒட்டிக்கொண்டார். அடுக்கியிருந்த மேஜைத் துணிகள் சரிந்தன. சார் குச்சியை அணைத்துவிட்டு, பொறுமையாக அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. கையுறையால் நெற்றியைத் துடைத்தார். வலது புருவம் கையுறையோடு வந்துவிட்டது.

அது மை. கீழே முளைத்தும் முளைக்காமலும் ஒரு கருகல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் நின்றுவிட்டது, ஏனென்றால் அவர் அழ ஆரம்பித்திருந்தார். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சில நாள் முன்னால் மேஜையருகே தீ வைத்தபோது, யாரோ கதவைத் திறந்த காற்றில் தழல் முகத்துக்கு வந்துவிட்டது. விருந்தாளிகள் அதுவும் வித்தையில் சேர்த்தி என்று கைதட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து வணங்கிவிட்டு, உள்ளே வந்து கண்ணாடியைப் பார்த்தார். வலது புருவம் இல்லை. அன்றிலிருந்து தீக்குச்சியைத் தொடவே பயமாகிவிட்டது.

லிக்கரை ஊற்றுவதற்குமுன் லேசாகச் சூடுகாட்டுவது வழக்கம்தானே, அவர் அதையே கொஞ்சம் நீட்டினார். சூடு ஏற ஏறத் தழல் சாதுவாவதைக் கண்டுபிடித்தார். ஆவியாகப் போவதுதான் எரிகிறது. அது முன்னாலேயே போய்விட்டால் எரிய என்ன இருக்கும்? காலையிலேயே பாத்திரத்தை மின்தட்டில் வைத்துக் காய்ச்ச ஆரம்பித்தார். காய்ச்சினால் வற்றியது. வற்றினால் இன்னும் ஊற்றினார். அதுவும் வற்றியது. இன்று சம்பந்தி வீட்டுக் குழந்தைகள் மேஜையைச் சுற்றி ஓடுவதைப் பார்த்துப் பயம் அதிகமாகி, கொதி மேல் கொதி விட்டு, மொத்தச் சாராயத்தையும் காற்றுத் துவாரம் வழியாக மேனேஜருக்கு அனுப்பிவைத்துவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் ஹாலில் குச்சியே கிழித்தார்.

"ஆக, யாரும் குடிக்கல," என்றார் சார். "மொத்தப் பாட்டிலையும் இந்தச் சுவர் குடிச்சிருக்கு."

எனக்கு அந்த வேடிக்கை எட்டவில்லை. அத்தனை பேர் முன்னால் என் அக்காவின் மானம் போனபோது இந்த மனிதர் அதே ஹாலில், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதைக் கேட்டேன். வாயை ஏன் திறக்கவில்லை?

"தீக்குச்சியைப் பார்த்தா பயம்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்? இங்க இருக்கிற எல்லாருக்கும் தீ வைக்கக் கத்துக்குடுத்தது நான்."

எனக்குத் திட்டவேண்டும் போலவும் இருந்தது, தண்ணீர் கொடுக்கவேண்டும் போலவும் இருந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு அக்காவைக் கூப்பிடப் போனேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாட்டிலையும் வாணலியையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

டைனிங் ஹாலில் மாலை டீ ஆரம்பித்திருந்தது. சம்பந்தி வீட்டார் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, முதலாளி நாற்காலிக்கு நாற்காலி குனிந்து உபசரித்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் முகம் சிவந்து, இன்னும் போகவில்லையா என்று பல்லைக் கடித்தார். சார் அவரை ஓரமாக அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னார். முதலாளி நம்பவில்லை. சாராயம் காற்றோடு போகுமாம், பாகு மட்டும் நிற்குமாம், கதை கட்டுகிறீர்களா என்றார். ஹெட் வெயிட்டர் ஒற்றைப் புருவத்தோடு வந்து நின்று ஆமாம் என்ற பிறகும், இவள் குடிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகுமா, இந்தப் பாட்டிலில் சர்பத் இல்லை என்று யார் கண்டது என்று அதையே பிடித்துக்கொண்டார்.

அக்கா தள்ளுவண்டியை மேஜையருகே இழுத்தாள். பாட்டிலில் மிச்சமிருந்தது ஒரு வாணலிக்குத்தான் காணும். இதுவும் பற்றாமல் போனால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஹால் முழுக்க அவளையே பார்த்தது, நான் என் கைப்பையின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வெண்ணெய் உருகியது. ஆரஞ்சுச் சாறு கொதித்தது. மடித்த பான்கேக்குகளை அடுக்கினாள். மிச்ச லிக்கரைச் சின்னக் கரண்டியில் ஊற்றி, அடுப்பில் காட்டியும் காட்டாமலும் ஒரு சூடு. குழந்தைகளைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னாள். ஊற்றினாள். ஹெட் வெயிட்டர் கண்ணை மூடிக்கொண்டார். குச்சியைக் கொண்டுபோனாள்.

ஒன்றும் ஆகவில்லை.

குச்சி அவள் விரல் வரை எரிந்து அணைந்தது. முதலாளி வாயைத் திறந்தார். அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. வாணலியை அடுப்பின் ஓரத்துக்குச் சாய்த்தாள், அவ்வளவுதான். அடுப்புத் தழல் விளிம்பைத் தொட்டதோ இல்லையோ, குப்பென்று நீலம் எழும்பி வாணலி முழுக்க ஓடியது. ஹால் முழுவதும் ஆரஞ்சு மணந்தது. மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் கைதட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதை நான் மறைக்கவும் இல்லை.

தழல் அடங்கியதும் முதலாளி நைசாக அக்கா பக்கத்தில் வந்து, தப்பா நினைச்சிட்டேன், மனசுல வச்சுக்காதே, உள்ள போய் வேலையைப் பாரு என்று காதோடு முணுமுணுத்தார். அவள் பான்கேக்கைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"திட்டினது சத்தமாத்தானே சார் திட்டினீங்க?"

முதலாளி சுற்றிலும் பார்த்தார். சம்பந்தி வீட்டார் தட்டை நீட்டியபடி காத்திருந்தார்கள். அக்கா யாருக்கும் கொடுக்காமல் கரண்டியோடு நின்றாள். வேறு வழியில்லாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தப் பெண் குடிக்கவில்லை, என் மேல்தான் தப்பு என்று அறிவித்தார். கடைசி மேஜைக்குக் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். இன்னொரு தடவை சொன்னார்.

அவமானம் ஆற யார் மேலாவது பாயவேண்டுமே. ஹெட் வெயிட்டர் பக்கம் திரும்பி, நீ இப்பவே வெளியே போ என்றார். கிழவர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இன்னைக்கு அனுப்பாதீங்க சார்," என்றாள் அக்கா. "நான் இன்னும் அவரைத் திட்டி முடிக்கல. அதுக்கு ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் அவர் இங்கதான் இருக்கணும்."

ஹெட் வெயிட்டர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். முதலாளி எப்படியாவது பேச்சை மாற்றிவிட நினைத்து, சரிம்மா சரி, நாளைக்குக் காலையில கொஞ்சம் சீக்கிரம் வந்துடு, சம்பந்தி வீட்டுக்குக் கேக் அனுப்பணும் என்றார்.

அக்கா ஏப்ரனைக் கழற்றி மடித்துத் தள்ளுவண்டி மேல் வைத்தாள்.

"நாளைக்கு எனக்கு லீவு."

"மேனேஜர்கிட்ட கேட்டியா?"

"கேக்கல சார். சொல்றேன்."

முதலாளி சரியென்று தலையை ஆட்டினார்.